இரண்டாம் வடமும் இரண்டாம் படியும்

மாரிமழை தொடங்குமுன் குளக்கட்டைச் சுற்றிப் பார்த்து வருவது வன்னி மக்களின் பழைய வழக்கம். முத்தையன்கட்டாயினும் தண்ணிமுறிப்பாயினும், நீர் வற்றி அமைதியாகக் கிடக்கும் காலத்திலேயே கட்டில் எலிவளை உண்டா, கறையான் புற்று எழுந்துள்ளதா, துருசின் கதவு தடையின்றி ஏறி இறங்குகின்றதா என்று பார்த்துவிடுவார்கள். கார்த்திகையிற் குளம் நிரம்பி, அலை வந்து கட்டை மோதத் தொடங்கிய பின் குறையைக் கண்டு பயனில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது குளத்தைப் பற்றியதன்று. கணினி வலையமைப்பைப் பற்றியது. ஆயினும் அதற்கும் இந்த வழக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

நேயர்களே, பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் வங்கிகளிலும் ஒரு மூலையில், சுவரிற் பூட்டிய இரும்புக் கூட்டினுள், பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும் தட்டையான பெட்டி ஒன்றை நீங்கள் கண்டிருக்கலாம். பாடநூல்கள் அதனை ஆளி என்று வழங்குகின்றன. அதனைப் பூட்டவும் திருத்தவும் வருவோர் சுவிச் என்றே சொல்லுகின்றனர். மின்விளக்கை ஏற்றி அணைக்கும் சுவிச் வேறு, இது வேறு.

இதன் தொழில் யாது? அலுவலகத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டுமெனின் இரண்டு வழிகள் உண்டு. ஒலிபெருக்கியிற் சொன்னால் எல்லா வகுப்புகளுங் கேட்கும், பாடங்கள் குழம்பும். சிற்றூழியரிடம் ஒரு துண்டை எழுதிக் கொடுத்தனுப்பினால் உரியவருக்கு மாத்திரம் போய்ச் சேரும். முற்காலத்தில் வழங்கிய ஹப் என்னுஞ் சாதனம் முதலாவது வழியிற் செயற்பட்டது. சுவிச் இரண்டாவது வழியிற் செயற்படுகின்றது. ஒவ்வொரு கணினியின் வலையட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரி ஒன்று தயாரிப்பின் போதே இடப்படுகின்றது. எந்த வாயிலின் வழியே எந்த முகவரி பேசியது என்பதைச் சுவிச் தன் பட்டியலிற் குறித்துக்கொள்ளும். அந்த முகவரிக்கு மறுமொழி வரும்போது அந்த வாயிலுக்கு மாத்திரம் அதனைச் செலுத்தும்.

ஒரு சுவிச்சில் வழக்கமாக 24 அல்லது 48 வாயில்கள் இருக்கும். நிறுவனம் வளர்ந்து அவை போதாதவிடத்து மற்றொரு சுவிச்சை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்புறத்திலே தனிப்பட்ட வடங்களால் இணைத்து, அத்தனையையும் ஒரே சாதனம் போல் இயங்கச் செய்யும் முறை ஒன்று உண்டு. சிஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டில் 3750 என்னும் வரிசைச் சுவிச்சுகளோடு இம்முறையை அறிமுகப்படுத்தியது. அதில் 9 பெட்டிகள் வரையில் அடுக்கலாம். இணைக்கும் வடங்கள் அரை மீற்றர், ஒரு மீற்றர், மூன்று மீற்றர் என்னும் நீளங்களில் வந்தன. ஏனைய நிறுவனங்களும் வெவ்வேறு பெயர்களில் இதனை ஒத்த முறைகளைக் கையாளுகின்றன. ஓர் அடுக்கில் ஒரு பெட்டி தலைமை ஏற்கும். மற்றவை அதன் சொற்படி நடக்கும். தலைமையைத் தீர்மானிப்பதற்கு 1 முதல் 15 வரையில் ஒரு முன்னுரிமை எண்ணை நாமே இடலாம். எண் பெரியதாயின் முன்னுரிமையும் பெரிது. இதனை இடாது விட்டால், மின்சாரம் போய்த் திரும்பும்போது நாம் எதிர்பாராத பெட்டி தலைமை ஏற்கக்கூடும்.

அடுக்கின் வடங்கள் வளையமாகப் பூட்டப்படுகின்றன. முதற் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு, கடைசிப் பெட்டியிலிருந்து மீண்டும் முதலாவதற்கு என்று ஒரு சுற்று. வளையத்தில் எங்கேனும் ஒரு வடம் அறுந்தால், செய்தி மறுபக்கமாகச் சுற்றிச் சென்று சேரும். வினாடிக்கு 32 கிகாபிட் கொள்ளளவுள்ள வளையம் 16 கிகாபிட் கொள்ளளவுக்குக் குறையும். வேலை மாத்திரம் நிற்காது. இது இம்முறையின் பெருஞ் சிறப்பு. ஆயினும் இதனுள்ளே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கின்றது.

வேலை நிற்காமையினால் வடம் அறுந்ததை எவரும் அறியார். எலி கடித்த வடமும், திருகாணி இறுக்காமல் தளர்ந்த வடமும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பின்னர் ஒருநாள் இன்னொரு வடமும் போகும். அன்று அடுக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். இரு பகுதிகளும் ஒரே அமைப்பையும் ஒரே வலை முகவரியையும் உடையனவாகையால், இரண்டும் தாமே உண்மையான சாதனம் என்று உரிமை கோரும். ஒரே பாடசாலையில் இரண்டு அதிபர்கள் ஒரே பெயரிற் கையொப்பமிட்டால் என்ன குழப்பம் விளையுமோ அதுவே அங்கு விளையும். அன்று வந்து பார்ப்பவர், இன்று ஒரு வடம் பழுதடைந்தது என்று நினைப்பார். உண்மையிற் பழுதுகள் இரண்டு. முதலாவது பழுது பல மாதங்களுக்கு முன்னரே நேர்ந்துவிட்டது.

ஆகவே, இரண்டாவது வடம் இருக்கின்றது என்று ஆறுதல் கொள்வது போதாது. அது உயிரோடு இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். எவ்வாறு பார்ப்பது?

முதலிற் கண்ணாற் பாருங்கள். வடத்தின் தலை வாயிலிற் சரியாகப் பொருந்தியுள்ளதா, இரு பக்கத் திருகாணிகளும் கையால் இறுக்கப்பட்டுள்ளனவா, வடம் கூர்மையாக மடிந்திருக்கின்றதா, எலியோ அணிலோ கடித்த தடம் உண்டா என்பவற்றை அறியப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அடுத்து, சாதனத்தையே கேளுங்கள். மேற்சொன்ன வகைச் சுவிச்சுகளில் 'ஷோ சுவிட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்' என்னுங் கட்டளையை இட்டால், ஒவ்வொரு பெட்டியின் இரண்டு அடுக்கு வாயில்களும் எந்நிலையில் உள்ளன என்று திரையில் வரும். எல்லா இடத்திலும் 'ஓகே' என்றிருந்தால் வளையம் முழுமையானது. 'டவுன்' என்று எங்கேனும் இருந்தால் வளையம் அறுந்துள்ளது. அதே கட்டளையோடு 'சமரி' என்னுஞ் சொல்லையுஞ் சேர்த்தால் இன்னும் விரிவான அட்டவணை கிடைக்கும். அடுத்திருக்கும் பெட்டி எது, வடத்தின் நீளம் எவ்வளவு, இணைப்பு இதுவரை எத்தனை முறை நிலை மாறியது என்பனவெல்லாம் அதில் உண்டு. இவற்றுள் கடைசியிற் சொன்ன எண்ணைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். இன்று பார்க்கும்போது இணைப்பு நன்றாக இருக்கலாம். ஆனால் சென்ற மாதம் 3 ஆக இருந்த எண் இம்மாதம் 40 ஆகியிருந்தால், அந்த வடம் விட்டுவிட்டு அறுந்து பொருந்துகின்றது என்பது பொருள். காய்ச்சல் விட்டுவிட்டு வரும் பிள்ளையை, காய்ச்சல் இல்லாத வேளையிற் பார்த்துச் சுகம் என்று சொல்லலாகாது அன்றோ?

ஆகையால் பார்த்ததை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் வேண்டும். திகதி, பார்த்தவர் பெயர், ஒவ்வொரு வாயிலின் நிலை, மாறிய எண்ணிக்கை என்னும் நான்கு நிரல்கள் போதும். சென்ற மாதத்து எண் இல்லாவிடின் இம்மாதத்து எண் நமக்கு ஒன்றையுஞ் சொல்லாது.

மூன்றாவதாக, விடுமுறை நாளில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு வடத்தை வேண்டுமென்றே கழற்றி, கணினிகள் தொடர்ந்து இயங்குகின்றனவா என்று பார்த்து, மீளப் பூட்டி, இரு முனைகளும் 'ஓகே' ஆன பின்னரே அடுத்த வடத்தைத் தொட வேண்டும். ஒரே வேளையில் இரண்டைக் கழற்றுதல் கூடாது. புதிய பெட்டியை அடுக்கிற் சேர்க்கும்போது அதன் மின்சாரத்தை நிறுத்தி, வடங்களைப் பூட்டிய பின்னரே மின்னூட்ட வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் பெட்டியைக் கொணர்ந்து இணைத்தால் தலைமைக்குப் போட்டி எழும்; தோற்ற பக்கத்துப் பெட்டிகள் தாமாகவே நின்று மறுபடி தொடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். எங்கள் பகுதியின் பல பாடசாலைகளில் உள்ளவை அடுக்கிப் பூட்டும் விலையுயர்ந்த பெட்டிகள் அல்ல; சாதாரணச் சுவிச்சுகளே. நான் சொன்னதைக் கேட்டு, பாதுகாப்புக்கென்று அத்தகைய இரண்டு பெட்டிகளுக்கிடையில் இரண்டு வடங்களை எவரேனும் பூட்டிவிடலாகாது. எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு செய்தி அந்த இரு வடங்களின் வழியே முடிவின்றிச் சுற்றிப் பெருகி, சில கணங்களில் வலை முழுவதையும் மூச்சடைக்கச் செய்துவிடும். இவ்விடரைத் தீர்ப்பதற்காகவே 1985ஆம் ஆண்டில் றேடியா பேர்ள்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி ஸ்பானிங் ட்ரீ என்னும் முறையை வகுத்தார். அம்முறை உபரி வடத்தை அடைத்து வைத்திருந்து, முதல் வடம் போனபின் திறந்துவிடும். உங்கள் பெட்டியில் அம்முறை இருக்கின்றதா, இயங்குகின்றதா என்று அறிந்த பின்னரே இரண்டாவது வடத்தைக் கையில் எடுங்கள்.

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருவோம். அது சாதனத்தின் அமைப்பைப் பத்திரப்படுத்துதல்.

எந்த வாயில் அலுவலகத்துக்கு, எந்த வாயில் மாணவர் ஆய்வுகூடத்துக்கு, யார் யாரோடு தொடர்புகொள்ளலாம், கடவுச்சொல் யாது என்றிவ்வாறு நாம் சுவிச்சுக்கு இடுங் கட்டளைகளின் தொகுதியைத் தொழினுட்பர் கொன்பிகரேசன் என்பர். நாம் அதனை அமைப்புக் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். இக்குறிப்புச் சாதனத்தினுள் இரண்டு இடங்களில் இருக்கின்றது. ஒன்று, இயங்கும்போது பயன்படும் நினைவகம். மின்சாரம் உள்ளவரையுமே அதிலுள்ளது நிலைக்கும். மற்றது, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம். அங்கே எழுத்துகள் மின்னணுக்களாகக் காப்புச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. பிளாஷ் என வழங்கும் இவ்வகையை 1980களில் ஜப்பானியராகிய புஜியோ மசுவோக்கா தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றியபோது கண்டுபிடித்தார்.

முன்னதைச் சிலேட்டு என்றும் பின்னதைக் கொப்பி என்றும் கொள்ளலாம். தொழினுட்பர் இடும் ஒவ்வொரு கட்டளையும் சிலேட்டில் எழுதப்பட்டு உடனே நடைமுறைக்கு வருகின்றது. அதனைக் கொப்பியிற் பெயர்த்தெழுதச் சொல்லும் கட்டளை தனியானது. அதனை இட மறந்தாலும் சாதனம் அன்று குறைவின்றி இயங்கும், மறுநாளும் இயங்கும், மாதக்கணக்கில் இயங்கும். மின்சாரம் போய்த் திரும்பும் அன்றுதான் சிலேட்டு வெறுமையாகும். சாதனம் கொப்பியைத் திறந்து, அதிலுள்ள பழைய குறிப்பின்படி எழுந்து நிற்கும்.

எங்கள் நாட்டில் மின்சாரம் போவது புதினமன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்தில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையில் நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதுமே மின்சாரத்தை இழந்தது. வன்னியிலோ ஐப்பசி இடிமின்னலே போதும். பற்றரியோடு கூடிய யு.பி.எஸ். இருக்கின்றதே என்பீர்கள். பற்றரியும் முதுமை அடைவது; அதனையும் எவரும் பார்ப்பதில்லை.

இது புத்தகத்திற் படித்த பாடமன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் என் பொறுப்பில் இருந்த வலையமைப்பை ஓர் இளைஞர் வந்து செம்மையாக அமைத்துத் தந்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் மாலை இடியோடு மின்சாரம் போனது. இரவு திரும்பியது. மறுநாட் காலையிற் பெட்டியின் பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தன. அலுவலகக் கணினிகளுக்கோ வெளித்தொடர்பு இல்லை. அது க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கான விண்ணப்பங்களை இணையவழியிற் பதிந்துகொண்டிருந்த காலம். இறுதி நாளுக்கு இரண்டு நாட்களே இருந்தன. கடைசியில் ஆசிரியை ஒருவரின் கைப்பேசித் தொடர்பைக் கொண்டு இரவிரவாக இருந்து பதிவை முடித்தோம். அவ்விளைஞர் திறமையற்றவர் அல்லர். நூறு வரிகளைப் பிழையின்றி எழுதியவர், சேமிக்கும் அந்த ஒரு வரியை மறந்துவிட்டார். என் தவறு அதனினும் பெரிது. வரவுப் பதிவேட்டையும் பொருட்பதிவேட்டையும் தவறாது பார்த்துக் கையொப்பமிடும் நான், 'சேமித்தீர்களா, காட்டுங்கள்' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனினும் நேயர்களே, சேமித்தலிலும் ஒரு முறை உண்டு. அவசரப்பட்டுச் சேமிப்பதும் தீங்கே. சிலேட்டிலுள்ள பிழையைக் கொப்பியில் ஏற்றினால், முன்னிருந்த நல்ல குறிப்பு அழிந்துவிடும். ஆகவே பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்வது நன்று.

முதலில், மாற்றஞ் செய்யத் தொடங்குமுன் இப்போதுள்ள குறிப்புச் சேமிக்கப்பட்டுள்ளதா என்று உறுதிசெய்து, அதன் படி ஒன்றைச் சாதனத்துக்கு வெளியே, திகதியிட்ட கோப்பாக எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, 'றீலோட் இன் 10' என்பது போன்ற ஒரு கட்டளையை இட வேண்டும். இன்னும் பத்து நிமிடங்களில் நீயாகவே மறுபடி தொடங்கு என்று சாதனத்துக்குச் சொல்லி வைப்பது இது. நாம் செய்யும் மாற்றம் பிழையாகி நம்மையே வெளியே பூட்டிவிட்டாலும், பத்து நிமிடத்தில் சாதனம் பழைய நல்ல குறிப்போடு எழுந்துவிடும். யூனிப்பர் நிறுவனச் சாதனங்களில் இன்னும் நயமான ஏற்பாடு உண்டு. குறித்த நேரத்துள் நாம் உறுதி சொல்லாவிடின், அவை தொடங்காமலே முந்திய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவதாக, மாற்றத்தைச் செய்து, ஒவ்வொரு பகுதிக் கணினியிலும் இருந்து சோதித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியானால் அந்தப் பத்து நிமிடக் கட்டளையை இரத்துச் செய்ய வேண்டும். அதன் பின்னரே சேமிக்க வேண்டும். ஈற்றில், சேமித்த குறிப்பைத் திரையிற் கொணர்ந்து படித்துப் பார்த்து, அதன் புதிய படியையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். சில சுவிச்சுகளில் வலைப்பிரிவுகளின் பட்டியல் அமைப்புக் குறிப்பில் இல்லாமல் தனிக் கோப்பாக இருக்கும், அதனையும் மறக்கலாகாது.

ஒரே கட்டளை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குப் பேஸ்புக் நிறுவனத்தின் அனுபவம் சான்று. 2021 ஒக்டோபர் 4ஆந் திகதி, பராமரிப்பு வேலையின்போது இடப்பட்ட கட்டளை ஒன்று அந்நிறுவனத்தின் தகவல் நிலையங்களுக்கிடையிலான தொடர்பு முழுவதையும் துண்டித்தது. பிழையான கட்டளையைத் தடுப்பதற்கென்று இருந்த கருவியிலேயே குறை இருந்தமையால் அது தடுக்கப்படவில்லை. தூரத்திலிருந்து திருத்தவும் வழியில்லாமற் போயிற்று. பொறியியலாளர்கள் நேரிற் சென்று திருத்த நேர்ந்தது. ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகெங்கும் சேவை நின்றது. காவலுக்கு வைத்த கருவியையும் எவரேனும் சோதிக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

வெளியே எடுத்த படியை எங்கே வைப்பது என்பதும் சிந்திக்கத்தக்கது. அமைப்புக் குறிப்பிற் கடவுச்சொற்கள் உண்டு. அவற்றுட் சில, மறைத்து எழுதியது போலத் தோன்றினும், எளிதில் அவிழ்க்கக்கூடியவை. ஆதலால் எல்லோரும் திறக்கும் கணினியில் அதனை விட்டுவைத்தலும், மறையீடு இல்லாத வழியில் அனுப்புதலும் தகா. ஒரு படி வலையோடு தொடர்பில்லாத சேமிப்புச் சாதனத்தில், பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். இன்னொன்று வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும், உபரியாக உள்ள ஒரு சாதனத்தில் அந்தப் படியை ஏற்றி, அது உண்மையில் இயங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

படி எடுத்தலைப் புறக்கணித்தால் அரசுகளும் இழக்கும். 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி இலங்கை அரச முகிற் கணிமைச் சேவை கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாகியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை மீட்கப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு மே 17 முதல் தாக்குதல் நிகழ்ந்த நாள் வரையிலான கடிதங்களுக்குப் படி இல்லாமையால், அவை திரும்பி வரவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலத்து அரச கடிதங்கள் அவ்வாறு மறைந்தன.

நேயர்களே, படியின் அருமையை வன்னி மக்களுக்கு வேறொருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் முள்ளியவளையையும் சூழவுள்ள ஊர்களையும் விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள், பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் பாடசாலைச் சான்றிதழ்களையும் ஒரு பையிற் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தன. அந்தப் பையும் பலருக்குத் தங்கவில்லை. மீளக்குடியேறிய பின், பிறப்புச் சான்றிதழை இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அதனைத் திரும்பப் பெற்றனர். பிறப்பைப் பதிவு செய்யும்போதே இரண்டு படிகள் எழுதி, ஒன்றை வேறிடத்தில் வைக்கும் பழைய ஒழுங்கு இருந்ததே அதற்குக் காரணம். இரண்டாம் படியை எழுதிய அந்தப் பதிவாளருக்கு, தாம் எழுதுவது எந்நாளில் எவருக்கு உதவும் என்று தெரிந்திராது. அது அவருடைய கடமை, செய்தார்.

ஒரு கணினி வலையமைப்பைப் பொறுப்பேற்றிருப்பவரிடம் நாம் வேண்டுவதும் அதுவே. மாதத்துக்கு ஒரு முறை அடுக்கின் இணைப்புகளைப் பார்த்துக் கொப்பியில் எழுதுக. மாற்றஞ் செய்த ஒவ்வொரு முறையும் சோதித்துச் சேமித்து, படி எடுத்து வைக்க. கணினி அறியாத அதிபரும் அலுவலகத் தலைவரும் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் கையொப்பமிடுக. அடுத்த மாரி தொடங்குமுன் இவ்வேலையைச் செய்துவிடுவோமாக.